அடியைப் பார்க்கிறவர்

2006 மார்ச் 9, வியாழக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். ஆறு ஐம்பதுக்குச் சைக்கிளை எடுத்தேன். கழுவெளி ஏரிப் பக்கம் எதிர்க்காற்று இல்லாததால் ஏழு இருபதுக்கெல்லாம் பட்டறைக்கு வந்துவிட்டேன். ஸ்டோர் ரூமைத் திறந்து, ஊதுவத்தி ஏற்றி, சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்களைச் சரிபார்த்தேன். பதினேழாம் நம்பர் இல்லை. எப்போதும் போல அது மேஸ்திரியின் இடுப்பில் இருந்தது. ஏழு ஐம்பதுக்கு முதல் லாரி கழுவ வந்தது. பத்து மணிக்கு டீ. ஒரு மணிக்குப் புளிசாதம், அப்பளம். இத்தனையும் அன்றைய டைரியில் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரி இது: "பிற்பகல் 3.25 முதல் 5.10 வரை மின்சாரம் இல்லை. முதலாளியம்மா லாரியில் இருந்தார். லாரி ஐந்தடி உயரத்தில் இருந்தது."

இத்தனை வருஷ டைரிகளில் நான் அடிக்கடி எடுத்துப் படிக்கும் வரி அதுதான். லாரி அந்த உயரத்துக்குப் போகக் காரணமாக இருந்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருந்தது எங்கள் பட்டறை. முதலாளியம்மாவுக்கு உப்புப் பாத்திகளும் இருந்தன, உப்பு ஏற்றிப் போக பதினோரு லாரிகளும் இருந்தன. லாரிகளை ஓடவைப்பது பட்டறையின் வேலை. நான் ஸ்டோர் கீப்பர். முருகேசன், அந்தோணி என்று இரண்டு ஃபிட்டர்கள். வண்டி கழுவ செல்வி. எல்லாருக்கும் மேலே மேஸ்திரி. அவர் பெயர் எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் தினமும் நான்தான் எழுதினேன். ஆனால் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. நானும் மேஸ்திரி என்றே எழுதுகிறேன்.

அவருடைய உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். ஸ்டோர் கதவில் நிற்கவைத்துப் பென்சில் கோடு போட்டு நானே அளந்தேன். ஏன் அளந்தேன் என்பது பின்னால் வரும்.

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் திருப்பி அடியைப் பார்ப்பார். அதுதான் மேஸ்திரி. மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். டீ கிளாஸை வாங்கினால் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் டைரியை வாங்கினார். படிக்கப் போகிறார் என்று எனக்குப் பதற்றம். அவர் அதைக் கவிழ்த்து, முதுகைத் தடவி, பின்னட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஈரம் பட்டிருக்குது சார். பொட்டில வெக்காதீங்க, பலகை மேல வெய்ங்க" என்றார். உள்ளே ஒரு வரியும் படிக்கவில்லை. அவர் சொன்னது சரிதான். பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

"மேல பாத்தா எல்லாம் பெயிண்டுதான்" என்பார். எங்கள் ஊரில் அது உண்மை. புது உப்பில் ஈரம் சொட்டும். சொட்டிய நீர் லாரியின் தளத்தில் இறங்கி, அடிச்சட்டமான சேஸில் ஊறி, போல்ட் போல்ட்டாகத் தின்னும். மேலே முன்கண்ணாடியில் ரோஜாப்பூ ஸ்டிக்கரும் எலுமிச்சம்பழமுமாக வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அடியில் விரலால் குத்தினால் உள்ளே போகும்.

மாப்பிள்ளை என்றதும் அவர் மகளைப் பெண் பார்க்க வந்த கதை ஞாபகம் வருகிறது. கிளியனூரிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாரும் உள்ளே காபி சாப்பிட்டுக்கொண்டிருக்க, மேஸ்திரியைக் காணோம். வாசலில் குந்தி, மாப்பிள்ளையின் செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து மாப்பிள்ளையிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, உங்க வண்டில பிரேக்கு இல்லீங்களா?" மாப்பிள்ளை விழித்தார். வலது செருப்பின் குதிகால் மட்டும் கரைந்து போயிருந்ததாம். காலைத் தரையில் தேய்த்துத்தான் மொபெட்டை நிறுத்துகிறார் என்று மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பையனுக்கு வேறு ஒரு குறையும் இல்லை. மறு வாரம் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டு, மேஸ்திரிக்குக் காட்டுவதற்காகவே மறுபடி வந்தார். மேஸ்திரி வீட்டு வாசலில் மொபெட்டைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார். அந்தக் கல்யாணப் பந்தியில் நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையையும் ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

பாண்டிச்சேரி பஸ் எங்கள் ஊரில் இரண்டு நிமிஷம் நிற்கும். அதற்குள் குனிந்து பார்த்து, "பின்னாடி பட்டை ஒண்ணு ஒடஞ்சிருக்குது, திண்டிவனம் போறதுக்குள்ள சாயும்" என்று கண்டக்டரிடம் சொல்வார். பட்டை என்றால் வண்டியின் எடையைத் தாங்கும் வில் தகடு. அந்த பஸ் திண்டிவனமே போகாது என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். போகாவிட்டாலும் சாயும் என்றார் மேஸ்திரி.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்தது எங்கள் பட்டறையின் குழி. லாரியின் அடியில் வேலை செய்ய எல்லாப் பட்டறையிலும் தரையில் நீளமாக ஒரு குழி வெட்டியிருப்பார்கள். வண்டி மேலே நிற்கும், ஆள் உள்ளே இறங்குவான். எங்கள் ஊரில் நாலடி தோண்டினால் தண்ணீர் வரும். அதுவும் உப்புத் தண்ணீர். வருஷத்தில் ஐந்து மாதம் குழியில் இடுப்பளவு நிற்கும். மழைக்காலத்தில் நண்டு இருக்கும். ஒருமுறை செல்வி ஒரு மடவை மீன் பிடித்தாள்.

மேஸ்திரி அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் தெளிந்து நிற்கும் நாட்களில் குழியின் ஓரத்தில் குந்தி, லாரியின் கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலை உள்ளே அடிப்பார். தண்ணீரில் லாரியின் வயிறு முழுக்கத் தெரியும். அச்சை மூடியிருக்கும் ஹவுசிங், பட்டை, பைப் எல்லாம் தலைகீழாக. அதைப் பார்த்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். "எறங்காமலே பாத்தாச்சு பாருங்க" என்று பெருமையாகச் சிரிப்பார். பிறகு அதைச் சரிசெய்ய வேட்டியை மடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே இறங்குவார்.

அப்படி இறங்கியதற்கெல்லாம் சேர்த்து 2005 நவம்பரில் முதுகு பதில் சொன்னது. பாண்டிச்சேரியில் எக்ஸ்ரே எடுத்துவந்தார். என்னிடம் மட்டும் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரசித்துப் பார்த்தார். "இத்தினி வருஷத்துல என் அடிய நான் பாத்ததே இல்ல சார். இங்க பாருங்க, கீழ்ப் பட்டை ரெண்டும் தேஞ்சிபோச்சு. நடுவுல ரப்பர் புஷ்ஷே இல்ல." அடுத்தவர் வண்டியைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார். குழியில் இறங்கக் கூடாது, மல்லாந்து படுத்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீறினால் கால் வராமல் போகலாம். எக்ஸ்ரேயை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்று ஸ்டோரில் கொடுத்துவைத்தார். நான் அதை உறையில் போட்டு, நம்பர் எழுதி, பட்டைகள் அடுக்கும் மூன்றாம் தட்டில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

அவருடைய மகன் பாண்டிச்சேரியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "உக்காரலாம் சார்" என்றார் மேஸ்திரி. "ஆனா பூத்துக்கு அடியே கிடையாதே." அன்று அவர் சிரிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் ஸ்பேர் வாங்கச் சென்னைக்குப் போனார். சாயங்காலம் திரும்ப வேண்டியவர் மறுநாள் காலையில் வந்தார். ஒரு பஸ் டிப்போவின் கேட் வழியாக அவர் பார்த்த காட்சியில் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டார். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நாலு இரும்புத் தூண்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்னச் சக்கரம். ஒரே ஆள் கைவண்டி மாதிரி தள்ளிக்கொண்டு வரலாம். பஸ்ஸின் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றை நிறுத்தி, அதிலிருக்கும் இரும்புக் கவையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து, நாலையும் ஒயரால் இணைத்து, ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். பஸ் அப்படியே மட்டமாக மேலே எழும்புகிறது. ஆட்கள் நின்றுகொண்டே அடியில் வேலை செய்கிறார்கள்.

"நின்னுகிட்டு சார்" என்றார். "நின்னுகிட்டு."

அதன் விளம்பரத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் முதலாளியம்மாவின் பின்னால் அலைந்தார். கடைசியில் கம்பெனிக்காரர்கள் நாலு தூண்களைப் பதினைந்து நாள் சோதனைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது பிப்ரவரி 23. முதல் நாளாக அதைக் கணக்கில் எடுத்தால் மார்ச் 9 கடைசி நாள்.

முதல் வண்டியைத் தூக்கியபோது நான் கூட இருந்தேன். ஏறும்போது ஒவ்வொரு தூணுக்குள்ளும் இரும்பு நாக்கு பல்லில் விழுந்து டக், டக் என்று சத்தம் வரும். தேவையான உயரத்தில் நிறுத்தி அந்த நாக்கின் மேல் எடையை உட்காரவைத்துவிட்டால் பூட்டு விழுந்துவிடும். பிறகு எண்ணெய் ஒழுகினாலும் கரண்ட் போனாலும் வண்டி இறங்காது. இறக்க வேண்டுமானால் முதலில் கரண்ட் கொடுத்து ஓர் அங்குலம் மேலே தூக்கி, நாக்கை விலக்க வேண்டும். மேஸ்திரிக்கு எந்த உயரம் தோது என்பதற்காகத்தான் அவரைக் கதவில் நிற்கவைத்து அளந்தேன். ஐந்தடி தூக்கினால், லாரியின் மிகத் தாழ்ந்த பாகமும் அவர் தலைக்கு மேலே எட்டு அங்குலத்தில் இருக்கும்.

பூட்டு விழுந்ததும் மேஸ்திரி உள்ளே நடந்தார். குனியவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். ஒரு கையை உயர்த்திச் சேஸைத் தடவிக்கொண்டே நடந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. துரு அவர் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது, துடைக்காமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று டைரியில் எழுத முடியவில்லை. "இருவரும் சிரித்தோம், சுமார் நாலு நிமிஷம்" என்று மட்டும் இருக்கிறது.

ஃபிட்டர்கள் இருவரும் பத்தடி தள்ளி நின்றார்கள். கூப்பிட்டும் வரவில்லை. முருகேசன் ஆறடி ஆள், எதற்கும் பயப்படாதவன். அவன்தான் சொன்னான்.

"எங்கப்பாவத் தூக்குனதுல நானும் ஒருத்தன் மேஸ்திரி. நாலு மூலைக்கு நாலு பேரு, நடுவுல அசையாம ஒண்ணு. இதப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. அடியில எல்லாம் நான் வரமாட்டேன்."

அதன் பிறகு அந்தத் தூண்களை யாராலும் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து தூக்குவது அதை ஒன்றைத்தான். அந்தோணி சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். செல்வி தூண்களின் மேல் தண்ணீர் தெளித்தாள். எதற்கு என்று கேட்டால், திரும்பி வரும்போது தெளிக்க வேண்டும் அல்லவா என்றாள்.

முதலாளியம்மா மூன்றாம் நாள் வந்து பார்த்தார். மேஸ்திரி ஒருவர் மட்டும் அடியில் நிற்க, ஃபிட்டர்கள் வெளியில் நின்று ஸ்பேனரைக் கம்பியால் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஒருத்தனுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய சாமான்?" என்றார். "கெடு முடியறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் உள்ள நின்னு வேலை செய்யணும். செஞ்சா இருக்கட்டும். இல்லன்னா வந்த வழியே அனுப்பிடு. குழிதான் இருக்குதே."

குழி இருந்தது. மேஸ்திரியின் முதுகு மூன்றாம் தட்டில் இருந்தது. தூண்கள் போனால் அவரும் பூத்துக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். முதலாளியம்மாவிடம் சொன்னால் இரக்கப்பட்டுத் தூண்களை வைத்துக்கொள்வாரே என்றேன். "இரக்கத்துக்கு அடியப் பாக்க முடியாது சார்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் எனக்குத் தூக்கமில்லாமல் செய்தது. பட்டறைச் சாமான்களுக்கு நம்பர் போடுவது என் வேலை. தூண்களில் வெள்ளை பெயிண்டால் 1, 2, 3, 4 என்று எழுதியிருந்தேன். மேஸ்திரி வந்து, நாலை அழித்து ஐந்து போடச் சொன்னார். நாலு என்ற எண்ணே கண்ணில் படக் கூடாதாம். மூன்றுக்குப் பிறகு ஐந்து எழுத என் கை வரவில்லை. ஒரு மணி நேரம் மறுத்துவிட்டு எழுதினேன். மேஸ்திரி முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க நாலு? எண்ணிப் பாரு. இருக்குதா?" முருகேசன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நம்பர்ல இல்ல. ஆனா ஆளு நாலு பேருதான்" என்றான்.

அந்த வாரமே ஒரு தூணில் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பெனி என்ஜினியருக்கு போன் செய்தேன். எந்தத் தூண் என்று கேட்டார். ஐந்தாம் நம்பர் என்றேன். "சார், நாங்க நாலுதானே குடுத்தோம்?" என்றார். ஆமாம், நாலுதான் என்றேன். "அப்ப அஞ்சு எங்க இருந்து வந்துச்சு?" மூன்றுக்குப் பக்கத்தில் என்றேன். அவர் போனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

இனி மார்ச் 9 பிற்பகலுக்கு வருகிறேன். கெடு முடியும் நாள். மறுநாள் பத்து மணிக்கு என்ஜினியர் லாரியோடு வந்து, வைப்பதா எடுப்பதா என்று கேட்பார். பதினைந்து நாளில் ஃபிட்டர்களின் நிழல்கூட லாரியின் அடியில் விழவில்லை. மேஸ்திரி காலையிலிருந்து டீ கிளாஸின் அடியைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மூன்று பத்துக்கு முதலாளியம்மா அளத்திலிருந்து உப்பு ஏற்றாத வெறும் லாரி ஒன்றின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. லாரியில் ஏற்ற ஒரு ஸ்டூலும் இரண்டு ஆளும் வேண்டும், இறக்கவும் அப்படியே. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலையைப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். டிரைவர் இறங்கிவிட்டார். முதலாளியம்மா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "எங்க, தூக்கிக் காட்டு. கடைசியா ஒருதரம் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

நீங்கள் இறங்கினால்தான் தூக்க முடியும் என்றார் மேஸ்திரி. இறங்கி மறுபடி ஏறவெல்லாம் முடியாது, என்னையும் சேர்த்துத் தூக்கு என்றார் அவர். நான் கம்பெனிப் புத்தகத்தை எடுத்துவந்து, வண்டிக்குள் ஆள் இருக்கும்போது தூக்கக் கூடாது என்ற விதியை உரக்கப் படித்தேன்.

"அத எழுதுனவனுக்கு முட்டி வலி இருக்குதா?" என்று கேட்டார்.

புத்தகத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். தூக்கியிருக்கக் கூடாது, இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அன்று அவருக்கு வேறு நாள் இல்லை. முற்றத்திலேயே நாலு தூண்களையும் நிறுத்தி, கவைகளை இரண்டுதரம் பார்த்து, பொத்தானை அழுத்தினார்.

"நாலு பேரு தூக்குறாங்களேம்மா" என்றான் அந்தோணி, தாங்க முடியாமல்.

"படுத்திருந்தாதான்டா அது" என்றார் முதலாளியம்மா, மேலே போய்க்கொண்டே. "நான் உக்காந்துகிட்டு இருக்கேன்ல."

டக், டக், டக். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. பூட்டு விழுந்தது. முதலாளியம்மாவின் முகம் மதில் சுவருக்கு மேலே போனது. பட்டறைக்குப் பின்னால் அவருடைய பாத்திகள் கடல் வரைக்கும் கிடந்தன. முப்பது வருஷமாக வரப்பில் நின்று பக்கவாட்டில் பார்த்தவை. மேலேயிருந்து பார்த்தது அதுவே முதல்தரம்.

"ஏம்பா" என்றார் மெதுவாக. "இது முழுக்க என்னுதா?"

பிறகு குரல் மாறியது. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். தூரத்தில் ஓலைப் பந்தலின் அடியில் அளத்துக் கணக்கப்பிள்ளை படுத்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "எழுந்து உக்காரு. துண்ட எடுத்துத் தோள்ல போடு. எங்க பாக்கற? வலது பக்கம் எதுக்குப் பாக்கற? நான் மேல இருக்கேன்" என்றார். கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டதாக முதலாளியம்மா சொன்னார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சரி, இறக்கு என்றார்.

மேஸ்திரி பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஷெட்டுக்குள் மின்விசிறி சுற்றல் குறைந்து நின்றது. மணி 3.25.

பூட்டை விலக்க ஓர் அங்குலம் தூக்க வேண்டும். தூக்க மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். ஊரிலிருந்த மைக்செட்காரரின் ஜெனரேட்டர் இதற்குப் போதாது. ஏணி வைத்தால் முட்டி விடாது. மின்வாரிய ஆபீசுக்குப் போன் செய்தேன். லைனில் வேலை நடக்கிறது, ஐந்து மணி ஆகும் என்றார்கள். இதை மேஸ்திரி கீழேயிருந்து சொன்னபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஞ்சி மணி வரைக்கும் இது அப்படியே நிக்குமா?" என்று மட்டும் கேட்டார் முதலாளியம்மா.

"அஞ்சி வருஷம் ஆனாலும் நிக்கும்மா" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு, ஒரு கள்ளிப்பெட்டியை எடுத்துக்கொண்டு லாரியின் அடியில் போய், நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார். வேறு வாதம் எதுவும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாத் தைரியத்திலும் அதுதான் பெரியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தது.

டீக்கடைக்காரர் வந்தார். ஏணியில் ஏறி முதலாளியம்மாவுக்கு ஒரு டீ கொடுத்தார். ஷெட்டுக்குள் தகரம் கொதித்தது. முற்றத்தில் சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. மார்ச் மாதத்து நாலு மணியில் எங்கள் பட்டறையில் நிழல் என்று இருந்தது ஒரே ஓர் இடத்தில். இருபத்திரண்டு அடி நீளம், எட்டடி அகலம். அதில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த நேரத்துக்குத்தான் கடல் காற்றும் திரும்பியது. மேலே லாரி மறிக்க, காற்று முழுக்க அடிவழியாகப் புகுந்து போனது. மேஸ்திரியின் துண்டு படபடத்ததை எல்லாரும் பார்த்தோம்.

முதலில் அசைந்தவள் செல்வி. போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். பிறகு டிரைவர். டீக்கடைக்காரர் மேஸ்திரிக்கு டீ கொண்டுபோனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் போனேன், 4.02. அந்தோணி ஒரு காலை மட்டும் நிழலில் வைத்துக்கொண்டு நின்றான். சற்று நேரத்தில் இன்னொரு கால். முருகேசன் மட்டும் வெயிலில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், உள்ள வாடா. பொண வீட்டுல இவ்ளோ காத்து வராது" என்றான் அந்தோணி.

முருகேசன் வந்தான். நிமிர்ந்தபடியே வந்ததால் ஹவுசிங்கில் நெற்றி இடித்தது. அதைத் திட்டுவதற்காக மேலே பார்த்தவன் திட்டவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். பதினான்கு வருஷம் அவன் மல்லாந்து படுத்துப் பார்த்த இடம் அது. பிறகு கையைப் பின்னால் நீட்டினான். மேஸ்திரி இடுப்பிலிருந்த பதினேழாம் நம்பரை அதில் வைத்தார். முருகேசன் பட்டையை டங் என்று தட்டினான். சத்தம் பிசிறியது. "சென்டர் போல்ட்டு போயிருக்குது மேஸ்திரி" என்றான். "தெரியும்" என்றார் மேஸ்திரி. பதினைந்து நாளாக அதைச் சரிசெய்யாமல் வைத்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்தோணி ஏற்கெனவே மறுபக்கம் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

மேலேயிருந்து குரல் வந்தது. "எல்லாரும் எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? ஒருத்தனையும் காணோம்."

"இங்கதாம்மா இருக்கோம்" என்றான் முருகேசன்.

"இங்கன்னா எங்க?"

"உங்களுக்கு அடியிலதாம்மா."

"எத்தினி பேரு?" என்றார் முதலாளியம்மா.

நான் எண்ணினேன். "ஏழு பேர் அம்மா."

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் ஜன்னலிலிருந்து விழுந்து உடைந்தது. லாரி அசையவில்லை. மேஸ்திரி டீக்கடைக்காரரிடமிருந்து தன் கிளாஸை வாங்கினார், தலைக்கு மேல் தூக்கினார், அடியைப் பார்த்தார். பிறகு குடித்தார்.

5.10க்குக் கரண்ட் வந்தது. லாரி இறங்கியது. ஸ்டூல் போட்டு முதலாளியம்மாவையும் இறக்கினோம். அவர் தூண்களைச் சுற்றிவந்தார். ஐந்தாம் நம்பரிடம் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு குழிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"இத என்ன பண்ணப் போற?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"மூடிடலாம்மா."

"காலையில டிப்பர்ல மண்ணு அனுப்பறேன்" என்றார். போகும்போது, சனிக்கிழமை மறுபடி வருவதாகவும், இதே போல மூன்று மணிக்குத் தூக்கினால் போதும் என்றும் சொன்னார்.

பெயிண்டை எடுத்து ஐந்தை நாலாக்கப் போனேன். முருகேசன்தான் தடுத்தான். இருக்கட்டும் சார், கம்பெனிக்காரன் வந்து எண்ணட்டும் என்றான்.

மார்ச் 10, வெள்ளிக்கிழமை. எல்லா நாளையும் விட முன்னதாக, காலை ஏழு ஐந்துக்கு, ஸ்டோரைத் திறப்பதற்கும் முன்னால் நடந்த முதல் வேலை குழியை மூடியது. டிப்பர் பின்னோக்கி வந்து பின்சக்கரங்கள் குழியின் விளிம்பில் நின்றன. டிரைவர் மண்ணைச் சாய்க்க லீவரில் கை வைத்தார். "இரு" என்றார் மேஸ்திரி. லாரிக் கண்ணாடியை எடுத்துவந்து, கிழக்கு வெயிலைப் பிடித்துத் தண்ணீரில் அடித்து, முதுகை வளைக்காமல் ஓரமாக நின்று பார்த்தார். நான் அவர் ஏதாவது சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். சொன்னார்.

"இடது பக்கம் பட்டை ஒடஞ்சிருக்குது. மண்ணக் கொட்டிட்டு நேரா அந்தத் தூணுங்க நடுவுல கொண்டாந்து நிறுத்து."

டிரைவர் கொட்டினார்.